வலது பக்கத்துத் தாளம்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இந்தக் கதையை உரக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உரக்கச் சொன்னால் நடுவில் வேறு ஏதாவது சத்தம் வந்தாலும் நமக்குத் தெரியாமல் போய்விடும். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையை மடியில் இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். அது யார் கை என்று ஒரு தரம் பார்த்துவிட்டுப் பிடியுங்கள். சரி, சொல்கிறேன்.

பூனை என்று எல்லோரும் கூப்பிட்ட ஒருத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அலமாரியின் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே பாட்டுக் கேட்கிற பிளேயரின் ஒயர் நேராகக் கிடந்தது.

அவ்வளவுதான். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்பீர்கள். பதினாறு நாளைக்கு முன்னால் அவளே தன் கையால் அந்த ஒயரைப் பிளேயர் மீது எட்டுச் சுற்று சுற்றி, நுனியைச் சொருகி, பழைய போர்வைக்கு அடியில் தள்ளியிருந்தாள். இப்போது பிளேயர் இழுப்பறையின் ஒரு மூலையில் இருந்தது. ஒயர் ஒரு சுருக்கமும் இல்லாமல் அடுத்த மூலை வரைக்கும் நீண்டு, அங்கே இரண்டாகப் பிரிந்தது. இடது காதுக்கான குமிழ் போர்வை மேல் படுத்திருந்தது. வலது காதுக்கான குமிழ் மட்டும் இழுப்பறையின் விளிம்பில் ஏறி நின்றது, யாரோ எடுத்துக் காதில் வைக்கப் போய்ப் பாதியில் விட்டதுபோல.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. புருஷன் சரக்கு லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியூர். பிள்ளை இல்லை.

அந்த வலது குமிழ் அவளுடையது அல்ல. அது டமாரம் என்று எல்லோரும் கூப்பிட்ட அவள் சிநேகிதியினுடையது. டமாரம் செத்துப் பதினாறு நாள்.

இருவரும் தகரத்தில் புட்டி மூடி அடிக்கிற பட்டறையில் ஒரே மெஷினில் வேலை செய்தவர்கள். மெஷினுக்கு இந்தப் பக்கம் பூனை, அந்தப் பக்கம் டமாரம். இவள் தகரப் பட்டையை உள்ளே தள்ளுவாள், அவள் அடிபட்டு மிஞ்சிய சல்லடைத் தகரத்தை அங்கிருந்து உருவுவாள். நடுவில் மெஷின், நாள் முழுக்க, தலைக்குள் சுத்தியலை இறக்கி இறக்கி ஏற்றும். பதினோரு வருஷத்தில் மெஷின் பக்கம் இருந்த காது இருவருக்கும் போய்விட்டது. பூனைக்கு வலது, டமாரத்துக்கு இடது. அந்தப் பட்டறையில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். போனதைச் செத்த காது என்பார்கள், இருப்பதை உயிர்க்காது.

உயிர்க்காதை அடைக்கக் கூடாது என்பது அங்கே முதல் சட்டம். ஏனென்றால் அந்த இரைச்சலில் மனிதக் குரல் எடுபடாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு ஸ்பானர் கயிற்றில் தொங்கும். ஆபத்து என்றால் மெஷினின் இரும்புச் சட்டத்தில் மூன்று தட்டு. டண், டண், டண். கேட்டதும் பூனை காலடியில் இருக்கும் பிரேக்கை மிதிக்க வேண்டும். பிரேக் ஒன்றுதான், அது அவள் பக்கம்தான்.

பிளேயரை வாங்கியது டமாரத்தின் யோசனை. சாப்பாட்டு நேரத்தில் பட்டறைச் சுவரோரம் பெஞ்சில் இருவரும் ஒட்டி உட்காருவார்கள். பூனைக்கு இடப்பக்கம் டமாரம் உட்கார்ந்தால் இருவரின் உயிர்க்காதும் ஒன்றையொன்று பார்த்தபடி அமையும். "நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு பாரேன்," என்றாள் டமாரம். "உனக்கொரு காது, எனக்கொரு காது. ஒரு இயர்போன் ரெண்டு பேருக்குச் சரியாப் போச்சு."

கடையில் அவள் செய்த அமர்க்களத்தை நினைத்தால் பூனைக்கு இப்போதும் சிரிப்பு வரும். கடைக்காரர் முதலில் வழவழவென்று கண்ணாடி முகம் வைத்த ஒன்றை நீட்டினார், விரலால் தேய்த்தால் போதும் என்றார். டமாரம் தன் பத்து விரலையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"இந்தக் கையைப் பாருங்க அண்ணே. ஜென்மத்துக்கும் எண்ணெய் போகாது. இதுல தேய்ச்சா உங்க பொட்டி வழுக்கிட்டு ஊரைத் தாண்டிடும். பட்டன் வெச்சதா குடுங்க, அமுக்கினா அமுங்கணும்."

"ஒயரே இல்லாத இயர்போன் வந்திருக்கும்மா. காதுல வெச்சா வெச்சதுதான்."

"அது வேண்டாம். ஒயர் இருந்தாத்தான் இவ எழுந்து போனா எனக்குத் தெரியும். இவ பூனை, சத்தமே இல்லாம நழுவிடுவா. இழுத்துப் பார்த்தா இருக்காளா இல்லையான்னு தெரிஞ்சிடும்ல."

கடைசியில் தீப்பெட்டி அளவில், கறுப்பில், ஐந்து பட்டனும் ஒரு பூட்டு விசையும் உள்ள ஒன்று. ஒரு தரம் சார்ஜ் ஏற்றினால் முப்பது மணி நேரம் பாடும். ரேடியோவும் உண்டு. பழைய பாட்டு முந்நூறு ஏற்றித் தந்தார். பழைய பாட்டில் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து வரும் என்பது அவர்கள் இருவருக்கும் ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. பூனை குரலுக்கு உருகிக்கொண்டிருந்தபோது டமாரம் பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். "உனக்குப் பாட்டு, எனக்குத் தாளம். சோறு உனக்கு, குழம்பு எனக்கு. வெளங்கின மாதிரிதான்," என்று டமாரம் சிரித்த சிரிப்பில் பட்டறையே திரும்பிப் பார்த்தது.

அந்த டமாரத்தின் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டுப் பார்க்கத் தோன்றியதுதான் பூனை செய்த தவறு.

அன்றைக்கு மேஸ்திரி வரவில்லை. பூனை பிளேயரை மேலங்கிக்குள் போட்டு, வலது குமிழை எடுத்து, தலைத்துணிக்கு அடியில் தன் இடது காதில், அந்த ஒரே உயிர்க்காதில், சொருகிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். புதிய பாட்டுபோல இருந்தது. குரலே இல்லை, தாளமும் ஏதோ கம்பி வாத்தியமும் மட்டும். நடுவில் தாளம் மாறியது. டண், டண், டண். கொஞ்சம் விட்டு மறுபடியும் டண், டண், டண். அடடா, இத்தனை நாளும் இந்தக் கள்ளி இதையா கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைத்தாள். சத்தத்தை ஒரு படி கூட்டினாள். அவளுடைய வலது கால், பிரேக்குக்கு ஒரு சாண் தள்ளி, தாளம் போட்டது.

டமாரத்தின் இடது சட்டைக்கை மெஷினைச் சுழற்றும் பெல்ட் சக்கரத்தில் சிக்கியிருந்தது.

மற்றவர்கள் ஓடி வருவதற்குள் பூனை குமிழை உருவி ஒளித்துவிட்டாள். தகவல் கேட்டு வந்த மேஸ்திரி கேட்டார், தட்டினாளா என்று. தட்டலை, என்றாள். இரண்டாம் தரம் கேட்டார். தட்டலை. மறுநாள் பட்டறைப் பலகையில் எழுதிப் போட்டார்கள்: விபத்துக்குக் காரணம், சைகை தராத அலட்சியம். இறந்தவள் பேரில் அந்த எழுத்து பதினைந்து நாளாகப் பலகையில் இருக்கிறது. தினமும் காலையில் மேஸ்திரி அதைக் காட்டி, "இவளை மாதிரி சோம்பேறித்தனம் பண்ணாதீங்க," என்பார். பூனை குனிந்து செருப்பைப் பார்ப்பாள்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை இழுப்பறையைத் திறந்தது ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான். அந்தத் தட்டு பாட்டில் உண்மையிலேயே இருக்கிறதா? இருந்துவிட்டால் டமாரம் தட்டவே இல்லை என்று ஆகலாம். பூனை சொன்னது பொய் இல்லை என்று ஆகலாம்.

ஒயரைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று தலையை உதறிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அதே பாட்டை வைத்தாள். வலது குமிழை இடது காதில் அழுத்தினாள். குமிழின் ரப்பரில் எண்ணெய் வாசம் இருந்தது, மெஷின் எண்ணெயும் வியர்வையும் கலந்த, டமாரத்தின் கழுத்து வாசம். ஜன்னலுக்கு வெளியே வெயில் தார்ச்சாலையில் அசையாமல் நின்றது. பாட்டு தொடங்கி, நடுவுக்கு வந்து, முடிந்தது.

தட்டு இல்லை.

குமிழைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, தப்பாகக் கேட்டிருப்போம் என்று இன்னொரு தரம் வைத்தாள்.

இந்தத் தரம் இருந்தது. டண், டண், டண். தெளிவாக, தாளத்தோடு பிசகாமல். பூனை வாய்விட்டு அழுதாள். பாட்டில்தான் இருக்கிறது, பாட்டில்தான். அன்றைக்கு இரவு பதினாறு நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினாள்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வேறு ஒரு பாட்டு. மெதுவான தாலாட்டு. அதிலும் நடுவில் டண், டண், டண்.

அடுத்த பாட்டிலும் இருந்தது. அதற்கடுத்ததில் தொடக்கத்திலேயே. ரேடியோவுக்கு மாற்றினாள். வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தவரின் வார்த்தைகளுக்கு இடையே, அவர் மூச்சு வாங்கிய இடமெல்லாம் பார்த்து, மூன்று மூன்றாக. அணைத்தாள். திரை இருண்டது. தட்டு நிற்கவில்லை. ஒயரைப் பிளேயரிலிருந்து பிடுங்கினாள். எதிலும் சேராத ஒயர், கையில் புழுப்போலத் தொங்கியது. அதன் நுனிக் குமிழ் காதுக்குள் தட்டியது.

டண். டண். டண்.

அவளுடைய வலது கால் தானாக எழுந்து தரையை ஓங்கி மிதித்தது.

பிளேயரையும் ஒயரையும் துணியில் முடிந்து, அரிசி டப்பாவின் அடியில் புதைத்து, மேலே அரிசியைக் கொட்டி, மூடி, மூடிமேல் இரும்பு வாணலியை வைத்தாள். சார்ஜ் இறங்கட்டும். முப்பது மணி நேரம்தானே. பத்து நாள் விட்டாள். பத்து நாளும் வீடு அமைதியாக இருந்தது. அரிசி எடுக்காமல் பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கித் தின்றாள்.

ஒற்றைக் காதுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, கண்ணுகளா. உயிர்க்காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துவிட்டால் உலகமே மூடிக்கொள்ளும். பத்தாம் நாள், அதுவும் ஞாயிறு, மதியத்தில் பூனை அப்படித்தான் இடப்பக்கமாகப் படுத்தாள். தெருச் சத்தம் போயிற்று. விசிறிச் சத்தம் போயிற்று. பஞ்சுக்குள் விழுந்ததுபோல ஓர் அமைதி. அந்த அமைதிக்குள் ஏதோ ஒன்று மெல்லத் தொடங்கியது.

மேலே, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த செத்த காதில்.

பல வருஷமாக ஒரு ஈ பறக்கும் சத்தம்கூட நுழையாத காது. அதற்குள் வெகு தூரத்தில் மெஷின் ஓடியது. மெஷினுக்கு அப்பால், இரும்பில் இரும்பு. மூன்று. மூன்று. மூன்று. அவசரமாக. இன்னும் அவசரமாக.

பூனை எழுந்து உட்கார்ந்தாள். தட்டு நிற்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் அது வாசற்கதவு என்று புரிந்தது.

டமாரத்தின் புருஷன் நின்றுகொண்டிருந்தார். தையற்காரர், ஒடிசலான மனிதர், கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்தே வந்திருந்தார். பூனை அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"தூங்கிட்டிருந்தியாம்மா? ரொம்ப நேரமாத் தட்டறேன்."

"காது, மாமா. உள்ள வாங்க."

சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பூனைக்கு இடப்பக்கம் இருந்த நாற்காலி காலியாக இருந்தது. அவர் தண்ணீர் குடித்தார், டம்ளரைத் துடைத்து வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

"ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். தப்பா எடுத்துக்காத. அவ நிஜமாத் தட்டலையாம்மா?"

பூனை செம்பை எடுத்து அவர் டம்ளரை நிரப்பினாள்.

"இல்ல, அவளைப் பத்தி உனக்குத் தெரியாததா. குளிக்கற ரூம்லேருந்து துண்டு கேட்கக்கூட மூணு தட்டுத்தான். பாத்திரத்துல தட்டுவா, என் தலைலகூடத் தட்டுவா. அப்படிப்பட்டவ அன்னிக்கு மட்டும் ஏன்..." அளவு நாடாவைப் பிடித்து இழுத்துக்கொண்டார். "பலகைல எழுதியிருக்காங்களாமே. பசங்க பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு வந்து அழுதுங்க. உங்கம்மா சோம்பேறியான்னு யாரோ கேட்டாங்களாம். நீ ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் போதும். வேற யாரையும் நான் கேட்க மாட்டேன்."

வார்த்தை நாக்கின் நுனி வரை வந்தது. அதன் உப்பு அவளுக்குத் தெரிந்தது. மேசைக்கு அடியில் கால் ஒரு தரம் அழுந்தியது.

"தட்டலை, மாமா."

அவர் தலையாட்டினார். ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "சரிம்மா. நீ சொன்னா சரிதான். அந்தப் பாட்டுப் பொட்டி உன்கிட்டத்தானே இருக்கு? பாதி அவளுதுல்ல. ரெண்டு நாள் வெச்சிருந்துட்டுத் தரேன். அவ காதுல வெச்சதை ஒருதரம் வெச்சுப் பாக்கணும்போல இருக்கு."

"சார்ஜ் இல்ல மாமா. செத்துப்போச்சு."

"பரவாயில்ல. குடு."

வாணலியை இறக்கினாள். மூடியைத் திறந்தாள். தோண்ட வேண்டியிருக்கவில்லை. துணி முடிச்சு அவிழ்ந்து, பிளேயர் அரிசியின் மேலேயே கிடந்தது. ஒயர் அதில் சேர்ந்திருந்தது. நேராக இருந்தது.

அவர் அதை வாங்கி, அரிசியை ஊதிவிட்டு, இரண்டு குமிழையும் இரண்டு காதிலும் வைத்தார். அப்போதுதான் பூனைக்கு உறைத்தது. இந்தப் பெட்டியை வாங்கிய நாள் முதல் இரண்டு காதும் உயிரோடு இருக்கிற ஒருவர் இதைக் கேட்பது இதுதான் முதல் தரம். அவளுக்கு ஒரு பாதி தெரியும், டமாரத்துக்கு ஒரு பாதி தெரியும். முழுதாக என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"சார்ஜ் இருக்கேம்மா," என்றார். திரையில் நீல வெளிச்சம்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. அவருடைய ஆள்காட்டி விரல் மேசையில் தாளம் போடத் தொடங்கியது. மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு மூன்று தட்டு.

"வலது பக்கம் இந்தத் தட்டு நல்லா இருக்கு," என்றார் கண்ணைத் திறக்காமல். "இதைத்தான் ராத்திரியெல்லாம் தட்டிக்கிட்டிருந்தாளா."

பூனைக்கு மூச்சு நின்றது.

அவர் விரல் நின்றது. சிரிப்பு போயிற்று. இடது காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இது யாரு?"

"என்ன மாமா?"

"இடது பக்கம். உன் குரல் மாதிரி இருக்கு."

பூனை இத்தனை நாளும் கேட்டது வலது பக்கத்தை மட்டும்தான். தன் பக்கத்தை, இடது பக்கத்தை, அன்றைக்குப் பிறகு அவள் ஒரு தரமும் காதில் வைக்கவில்லை.

"என்ன சொல்லுது?"

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அளவு நாடா கழுத்திலிருந்து நழுவித் தரையில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"மூணு தட்டு வருது. வந்ததும் உன் குரல் சொல்லுது. 'கேட்டேன்'னு. மறுபடி மூணு தட்டு. 'கேட்டேன்.' தட்டத் தட்ட, 'கேட்டேன், கேட்டேன்'..."

இரண்டு குமிழையும் பிடுங்கி மேசையில் போட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. எழுந்தார், நாற்காலி சாய்ந்தது, கதவு வரைக்கும் அவளுக்கு முதுகைக் காட்டாமலே போனார். படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மேசை மேல் ஒயர் கிடந்தது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குழாயில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

எண்ணெய் வாசம் வந்தது.

பூனைக்கு இடப்பக்கம் இருந்த காலி நாற்காலி, யாரோ கனத்தோடு உட்கார்ந்ததுபோல முனகியது.

ஒயர் அசைந்தது. மெதுவாக. வலது குமிழ் மேசையை விட்டுக் கிளம்பி, காலி நாற்காலிக்கு மேலே, உட்கார்ந்த ஒரு பெண்ணின் காது உயரத்தில் போய் நின்றது. நின்று, கொஞ்சம் அமுங்கியது, காதுக்குள் பொருத்துவதுபோல.

இடது குமிழ் அவளை நோக்கி வந்தது.

அவள் எழவில்லை. எழ முடியவில்லை. ரப்பர் காதில் பட்டபோது சூடாக இருந்தது.

ஒயர் ஒரு தரம் இழுபட்டது. இருக்கிறாளா இல்லையா என்று பார்ப்பதுபோல.

செத்த காதில், டண், டண், டண்.

அவள் கால் தரையை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை.

"கேட்டேன்."

டண், டண், டண்.

"கேட்டேன்."

கால் மிதித்தது. மெஷின் நிற்கவில்லை. மிதித்தது. நிற்கவில்லை. காலி நாற்காலிக்கு மேலே, விறைத்த ஒயரின் நுனியில், அந்த வலது குமிழ் மட்டும் மேலும் கீழுமாக, மெல்ல, பாட்டு பிடித்துப்போன ஒருத்தி தலையாட்டுவதுபோல ஆடிக்கொண்டே இருந்தது.

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. பிடித்த கையை இனி விடலாம். உங்கள் வீட்டில் யார் தட்டினாலும் முதல் தட்டிலேயே கேட்கிற காது எல்லோருக்கும் இருக்கட்டும். கேட்டதைக் கேட்டேன் என்று அன்றைக்கே சொல்கிற வாயும் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு காதும் நூறு வருஷம் உயிரோடு இருக்க, காலி நாற்காலி இல்லாத வீடாக, நீங்கள் எல்லோரும் நன்றாக இருங்கள்.